பம்பர் வெடித்தால் கிளெய்மா, கைக்காசா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"ஐயா, நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வீடு உவர்மலையில். போன வெள்ளிக்கிழமை மழைக்குள் ஒழுங்கையால் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கேற் தூணில் இடித்துவிட்டேன். கார் 2015ஆம் ஆண்டு வெகன் ஆர். பின் பம்பர் ஒரு பக்கம் வெடித்துவிட்டது. அதற்கு மேலே இடப்பக்கத் தகடு நெளிந்து பெயின்ற் உரிந்திருக்கிறது. தூணின் மூலையில் கொஞ்சம் சீமெந்து உதிர்ந்தது. பக்கத்து வீட்டு அண்ணா 'பரவாயில்லை ரீச்சர்' என்றார். கராஜில் புதுப் பம்பருக்கு 30,000, டிங்கரிங், பெயின்ற் வேலைக்கு 44,000, எல்லாமாக 74,000 ரூபா கேட்கிறார்கள். எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. மூன்று வருடமாக ஒரு கிளெய்மும் எடுக்கவில்லை. பொலிசி பெப்ரவரியில் முடிகிறது. கணவர், 'வருசா வருசம் கட்டுறம், இப்ப எடுக்காட்டி எப்ப எடுக்கிறது?' என்கிறார். தம்பி எடுக்க வேண்டாம் என்கிறான். கராஜ்காரரோ முன்கதவில் உள்ள பழைய கீறலையும் இதோடு சேர்த்துப் போட்டால் கிளெய்ம் எடுப்பது பிரயோசனம் என்கிறார். இன்னும் கம்பனிக்குச் சொல்லவில்லை. பொலிசியையும், கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகக் கட்டுப்பணத்தில் கழிக்கும் போனஸின் அட்டவணையையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?"

ரீச்சர், இதை வாசித்து முடித்த கையோடு காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லுங்கள். கிளெய்ம் எடுப்பதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். விபத்தை அறிவிப்பது வேறு, காசு கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "எடுக்கிறதா இல்லையா தெரியாது, அதுதான் சொல்லவில்லை" என்று இருந்துவிட்டுக் கடைசியில் இரண்டு வழியும் அடைபட்டுப் போனவர்கள் பலர். விபத்து நடந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது உங்கள் பொலிசியிலேயே நிபந்தனையாக இருக்கிறது. சம்பவ இடத்திலிருந்தே எடுத்திருக்க வேண்டிய அழைப்பு இது. சில நாள் பிந்திவிட்டது. ஏன் பிந்தியது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தூணும் காரும் இன்னும் அப்படியே இருப்பதால் அசெஸர், அதாவது சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் ஆள், வந்து பார்த்து விளங்கிக்கொள்வதில் சிக்கல் இராது. அவர் பார்க்கும்வரை கராஜ்காரர் காரில் கை வைக்க வேண்டாம்.

அழைக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். அறிவித்துவிட்டுக் காசு கோராமல் விட்டால் போனஸ் குறையுமா? இந்தக் கோரிக்கையை எவ்வளவு காலம் திறந்து வைத்திருப்பீர்கள்? பதிலை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பச் சொல்லுங்கள். பொதுவாகக் கொடுப்பனவு நடந்தால்தான் போனஸ் போகும். ஆனாலும் உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்பது எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய அட்டவணைப்படி கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 15 சதவீதம், இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 35, நான்காவதுக்கு 45, ஐந்தாவதுக்கு 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளெய்ம் எடுத்தால் பூச்சியம். வேறு நிறுவனங்களில் இரண்டு படி மட்டும் இறக்குவதும் உண்டு. உங்களுடையது முழுதாக வெட்டும் வகை. இந்த நான்காவது வருடமும் கிளெய்ம் இல்லாமல் முடிந்தால் பெப்ரவரியில் உங்களுக்கு 45 கிடைக்கும். போனஸ் கழிக்க முன் உங்கள் அடிப்படைக் கட்டுப்பணம் 120,000 ரூபா.

கிளெய்ம் எடுத்தால் வரும் பெப்ரவரியில் 45 சதவீதம் இல்லாமல் போகிறது. அது 54,000 ரூபா. அதற்கடுத்த வருடம் 50 இருக்க வேண்டிய இடத்தில் 15தான் இருக்கும், ஆக 42,000 குறைகிறது. பிறகு 30,000, பிறகு 18,000, ஐந்தாவது வருடம் 6,000. கூட்டினால் 150,000 ரூபா. கட்டுப்பணத்துக்கு மேலே வற் வரியும் கட்டுகிறீர்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். போனஸ் போனால் போன தொகைக்கும் வரி சேர்ந்துதான் உங்கள் கையிலிருந்து போகும். அதையும் போட்டால் ஐந்து வருடத்தில் 177,000.

இந்த 177,000த்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த ஐந்து வருடமும் உங்களுக்கு வேறு விபத்தே நடக்காது, காரை விற்க மாட்டீர்கள், கட்டுப்பணம் மாறாது என்று வைத்துக்கொண்டால்தான் அந்தத் தொகை சரி. இரண்டு வருடம் கழித்துப் பெரிய விபத்து ஒன்று வந்து கிளெய்ம் எடுக்க நேர்ந்தால் இன்று காப்பாற்றிய போனஸும் அன்றோடு போய்விடும். அதனால் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் முதல் இரண்டு வருட இழப்பை மட்டுமே எடுத்துக்கொள்வேன். உங்கள் விடயத்தில் 54,000மும் 42,000மும் சேர்ந்து 96,000. வரியோடு ஏறக்குறைய 113,000.

மற்றப் பக்கம், கிளெய்ம் எடுத்தால் கையில் கிடைப்பது எவ்வளவு? 74,000 முழுதாகக் கிடைக்காது. உங்கள் பொலிசியில் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு விபத்திலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, 10,000 ரூபா. புதிதாக மாற்றும் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள். உங்களுக்கு அது 20 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. 30,000 ரூபாப் பம்பரில் 6,000 போகும். மிஞ்சுவது 58,000. முதல் வருடத்தில் மட்டும் போனஸ் இழப்பு வரியோடு 63,720. ஒரே வருடத்திலேயே நட்டம்.

ஆகவே கராஜ் கணக்கு 74,000த்திலேயே நின்றால் கிளெய்ம் எடுக்க வேண்டாம். உங்கள் தம்பி சொன்னது சரி. பில் 130,000 ரூபாவைத் தாண்டினால் என் பதில் மாறும். எக்ஸஸும் தேய்மானமும் போக 113,000 அளவில் கையில் வரும்போதுதான் இரண்டு பக்கமும் சமன். அதற்கு மேலே போனால் கணவர் சொன்னது சரி.

பில் அப்படி ஏற இடம் உண்டா என்றால், உண்டு. பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் சொன்ன கணக்கு அது. பின் பம்பர் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். அடி அதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்பது கழற்றினால்தான் தெரியும். பின் தகட்டின் கீழ்விளிம்பு நசிந்திருக்கலாம். விளக்குப் பிடிகள் முறிந்திருக்கலாம். நீங்களே பார்க்கக்கூடிய சிலதும் உண்டு. டிக்கிக் கதவை மூடி இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவா என்று பாருங்கள். மூடும்போது முன்பு இல்லாத சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கி அடித்தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ஈரம் தெரிகிறதா பாருங்கள். இது நமக்கு வாடைக்காற்று மழைக்காலம். இறப்பர் பொருந்தாமல் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கி, பம்பரை விடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். அசெஸர் வரும்போது அவர் முன்னாலேயே பம்பரைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கராஜ்காரரிடம் கேளுங்கள். அதற்குக் கூலி கேட்டாலும் கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சிறிய சேதங்களுக்கு அசெஸர் அந்த இடத்திலேயே ஒரு தொகையைச் சொல்லி முடித்துத் தரும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அலைச்சல் இல்லாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் படிவத்தில் நீங்கள் கையெழுத்து வைப்பது, இந்த விபத்துக்கு இதுவே முழுத் தீர்வு என்று ஏற்றுக்கொள்வது. நாளைக்குப் பம்பரைக் கழற்றும்போது உள்ளே நசிவு தெரிந்தால் திரும்பப் போய்க் கேட்பது பெரும் பாடு. அதைவிட, அன்று அந்தக் காசை வாங்கினால் கிளெய்ம் எடுத்ததாகவே பதிவாகும், பெப்ரவரியில் போனஸ் போய்விடும். முற்றத்தில் வந்து நின்று காசு தருகிறேன் என்கிறவரிடம் "இப்போதைக்கு வேண்டாம், பார்த்ததைப் பதிந்து வையுங்கள்" என்று சொல்லச் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். நீங்கள் சொல்லுங்கள். அவருக்கு அது புதிய விடயம் இல்லை.

பொலிசியில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். காரின் காப்புறுதிப் பெறுமதி எவ்வளவு? நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பக்கம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்த பிறகும் வரிகளால் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனால் பலர் வருடா வருடம் பழைய பெறுமதியையே புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். சந்தையில் 60 இலட்சம் போகும் காரை 45 இலட்சத்துக்குப் பதிந்திருந்தால், பல பொலிசிகளில் உள்ள நிபந்தனைப்படி சேதத்தில் நாலில் மூன்று பங்குதான் கொடுப்பார்கள். பம்பர் உடைந்ததற்கும் அதே கணக்குத்தான். உங்கள் காரும் அப்படிக் குறைவாகப் பதிந்திருந்தால் அந்த 58,000மும் இன்னும் கரையும்.

கராஜ்காரர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். முன்கதவின் பழைய கீறலை இந்த விபத்தோடு சேர்க்க வேண்டாம். அவர் உங்களுக்கு உதவத்தான் நினைத்திருப்பார். ஆனால் கிளெய்ம் படிவத்தில் கையெழுத்து வைப்பது நீங்கள். பின்பக்கம் தூணில் இடித்த காருக்கு முன்கதவில் எப்படிக் கீறல் வந்தது என்பது அசெஸர் கேட்கும் முதல் கேள்வி. நம் ஊரில் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். மூன்று பக்கமும் கடல். பெயின்ற் போய் இரும்பு வெளியே தெரிந்தால் சில நாட்களிலேயே செம்மண் நிறம் ஏறத் தொடங்கும். போன வாரக் கீறலும் போன வருடக் கீறலும் ஒரே மாதிரி இராது. விளிம்பைப் பார்த்தாலே, விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பொய்யான விபரம் கொடுத்ததாகத் தீர்மானித்தால் அந்தக் கீறலை மட்டும் கழித்துவிட்டு மற்றதைக் கொடுக்க மாட்டார்கள். முழுக் கோரிக்கையையும் மறுக்கலாம், பொலிசியையே இரத்துச் செய்யவும் வழி உண்டு. பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் முந்திய கோரிக்கை மறுக்கப்பட்டதா என்ற கேள்வி விண்ணப்பத்தில் காத்திருக்கும். அந்தக் கீறல் வேறொரு விபத்து. அதற்குத் தனிக் கிளெய்ம், தனி எக்ஸஸ். அதற்கெல்லாம் அது பெறுமதியில்லை.

அடுத்தது பக்கத்து வீட்டுத் தூண். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது இதுதான். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த அண்ணா "பரவாயில்லை" என்றது மனதார என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மூன்றாம் ஆளின் சொத்துக்குச் சேதம் நடந்திருக்கிறது. அதை மறைத்து "என் கார் மட்டும்தான்" என்று நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் கழித்துத் தூணில் வெடிப்பு நீண்டு, கேற் இழுபட்டுத் தொங்கினால், அவரல்லாவிட்டாலும் வீட்டில் வேறு யாராவது கேட்பார்கள். அன்றைக்கு நிறுவனம் "எங்களுக்கு அறிவிக்கவில்லையே" என்று கைவிரித்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். அறிவிக்கும்போது தூணையும் சொல்லுங்கள், படமும் எடுத்து வையுங்கள். பொலிஸிலும் ஒரு பதிவு வேண்டுமா என்று அதே அழைப்பில் கேட்டு, வேண்டும் என்றால் போட்டுவிடுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் கேள்விக்கே இடமில்லை, உடனே பொலிஸ்தான்.

அதேநேரம், "பிழை என்னுடையது, எவ்வளவு என்றாலும் நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று பொலிசியில் இருக்கும். இதற்காக அயலவரோடு விறைப்பாக நிற்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பது வேறு. கம்பனிக்கு அறிவித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். மூலையில் சீமெந்து பூசும் வேலைதான் என்றால், ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் காசில் பூசிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது, இனி இது தொடர்பில் கேட்க எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். இதையும் நிறுவனத்திடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒழுங்கையில் தினமும் முகம் பார்க்கிற ஆட்களுக்கு இடையில் எழுத்து எதற்கு என்று தோன்றும். நாளைக்கு வேறு யாராவது பேச்சை எடுத்தால் உங்கள் இருவருக்கும் மனத்தாங்கல் வராமல் காப்பது அந்த இரண்டு வரிதான்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: அவருடைய ஆதங்கம் எனக்கு நன்றாக விளங்குகிறது. மூன்று வருடம் கட்டிய காசு வீணாகப் போனது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று வருடமும் நீங்கள் இருவரும் ஹபரணை வீதியால் இரவில் யானைக்குப் பயந்து பயந்து வந்தபோதும், நிலாவெளி வீதியில் விளக்கில்லாத இடத்தில் மாடு குறுக்கே பாய்ந்தபோதும் அந்தப் பொலிசி உங்களோடு இருந்தது. கார் நொறுங்கிப் போனால், உங்கள் காரால் ஒருவருக்கு உயிராபத்து வந்தால், பல இலட்சங்களைக் குடும்பத்தால் தனியே தூக்க முடியாது. காப்புறுதி அதற்குத்தான். 74,000 ரூபா கஷ்டமான காசு, ஆசிரியை சம்பளத்தில் அது சிறிய தொகை இல்லை. ஆனால் அதை எப்படியாவது சமாளிக்கலாம். சமாளிக்க முடியாததற்காக அந்தப் போனஸையும் நல்ல பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காசும் முழுதாகத் தேவைப்படாமல் போகலாம். கம்பனிக்கு வேலை செய்யும்போது கராஜில் பாகத்தை மாற்றுவதைத்தான் விரும்புவார்கள். உங்கள் காசு என்றதும் வேறு வழிகள் திறக்கும். வெடித்த பிளாஸ்டிக் பம்பரைச் சூடாக்கி ஒட்டி, உரைஞ்சிப் பெயின்ற் அடிக்கலாம், பிடிகள் முறியாமல் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய நல்ல பம்பர் தேடலாம். கொழும்புக்குப் போகிற யாரையாவது பிடித்தால் போதும், நிறம் ஒத்துவந்தால் பெயின்ற் செலவும் மிஞ்சும். இரண்டு கராஜில் கேளுங்கள், இரண்டிலும் பாகம் வேறாக, கூலி வேறாக எழுதி வாங்குங்கள்.

எதைத் தள்ளிப் போட்டாலும் அந்த இடப்பக்கத் தகட்டைத் தள்ளிப் போட வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக், உடைந்தபடி ஆறு மாதம் கிடந்தாலும் துருப்பிடிக்காது. தகடு இரும்பு. உப்புக்காற்றும் மழையும் சேர்ந்தால் பெயின்றுக்கு அடியால் துரு ஊர்ந்துகொண்டு போகும், வெளியே தெரியும்போது இரண்டு மடங்கு இடம் போயிருக்கும். கையில் காசு குறைவு என்றால் முதலில் தகட்டை நிமிர்த்தி, சுரண்டி, பிறைமர் அடித்து விடச் சொல்லுங்கள். பம்பர் அடுத்த மாதச் சம்பளத்துக்கு நிற்கட்டும். நெளிவைத் தட்டி எடுக்காமல் பட்டி என்கிற பசையை அப்பி நிரப்புவதற்கு விட வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது வெடித்து விழும்.

திருத்த முன்னும் பின்னும் படம் எடுத்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள். இதற்கு இரண்டு காரணம். நாளைக்கு அதே இடத்தில் வேறு யாராவது வந்து இடித்தால், பழைய சேதம் திருத்தப்பட்டது என்று காட்ட அந்தப் பில்தான் சாட்சி. இல்லாவிட்டால் அசெஸரின் பழைய படத்தைக் காட்டி, இது முன்பே இருந்ததுதானே என்பார்கள். மற்றது, மேலே சொன்ன அந்த இரண்டாவது கேள்வி. பெப்ரவரிக்கு முன் பெரிய விபத்து ஒன்று நடந்து கிளெய்ம் எடுத்தே ஆக வேண்டி வந்தால், போனஸ் எப்படியும் போகத்தான் போகிறது. அப்போது இந்தத் தூண் விபத்துக்கும் சேர்த்துக் கோரினால் போனஸில் மேலதிக இழப்பு இல்லை. அறிவித்து, அசெஸர் பார்த்து, பில்லும் இருந்து, கோரிக்கையை நிறுவனம் திறந்து வைத்திருந்தால் அந்தக் காசைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கும். இது முழு நேர்மையான வழி. இரண்டும் நடந்த விபத்துகள், இரண்டும் நிறுவனத்துக்கு அறிவித்தவை.

காரின் பேரில் லீசிங் இன்னும் முடியவில்லை என்றால் லீசிங் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள். முழு உரிமையாளர் அவர்கள்தான். சேதத்தைத் திருத்தி வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும்.

பெப்ரவரியில் புதுப்பிக்கும் படிவம் வந்ததும் 45 சதவீதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அறிவித்ததையே கிளெய்ம் என்று எடுத்துப் போனஸை வெட்டியிருந்தால், இப்போது எழுத்தில் வாங்கும் பதிலை வைத்து நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அதற்கு மேலே 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. அதே புதுப்பித்தலில் காரின் பெறுமதியை இன்றைய சந்தை விலைக்குத் திருத்துங்கள். கட்டுப்பணம் கொஞ்சம் ஏறும். அதைக் குறைக்க எக்ஸஸை நீங்களாகவே 25,000 வரை உயர்த்த முடியுமா, உயர்த்தினால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சின்னச் சேதத்துக்கு எப்படியும் கிளெய்ம் எடுக்கப் போவதில்லை என்றால் அந்தக் கழிவு உங்களுக்கு இலாபம்.